பவர் சரி... கண் சரியா?

சிறுசேரி கணினிக் கூடங்களிலிருந்து மாமல்லபுரம் கல்பட்டறைகள் வரை: பார்வை நன்றாக இருக்கும்போதே கண்ணைக் காட்ட வேண்டியவர்கள் யார்?

மாலை ஆறரை மணி. சிறுசேரி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பழைய மாமல்லபுரம் சாலையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மெட்ரோ ரயில் வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புகளைத் தாண்டி வரும் புழுதி, ஹெட்லைட் வெளிச்சத்தில் மஞ்சளாக மிதக்கிறது. நாவலூர்ப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, நாற்பதைத் தொட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்கிறார்.

"கடைசி வரி படிங்க சார்."

வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, இடதை மூடிக்கொண்டு ஒரு முறை படிக்கிறார். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"தூரப் பார்வை பக்கா சார். கிட்டத்துக்கு மட்டும் பிளஸ் ஒண்ணு வருது. நாப்பதானா எல்லாருக்கும் வர்றதுதான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார். புளூ கட் போட்டுடவா?"

பத்தே நிமிடம்தான். புது ஃபிரேமுக்கு முன்பணம் கட்டிவிட்டு அவர் கிளம்பும்போது, இந்த வருடத்துக் கண் செக்கப் முடிந்தது என்று மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்து எழுத்து மங்கும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்.

பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் எந்த மாலையிலும் எந்தக் கடையிலும் காணக்கூடிய காட்சி இது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது பவரை. பார்த்த அளவில் சரியாகவே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, விழித்திரையில் எங்காவது ரத்தம் கசிகிறதா, பார்வை நரம்பு தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் அங்கே யாரும் பார்க்கவில்லை. வந்தவரும் கேட்கவில்லை. எழுத்து மங்கினால்தான் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் நோய்களில் சில, எழுத்தை மங்க வைப்பதே கடைசிக் கட்டத்தில்தான் என்பதால் வரும் சிக்கலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

64 பேரில் ஒரே ஒருவர்

சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிப் பிரிவு 2000-களின் தொடக்கத்தில் 'சென்னை குளுக்கோமா ஆய்வு' என்ற பெயரில் வீடு வீடாகக் கணக்கெடுத்து ஒரு வேலை செய்தது. சென்னை நகரத்திலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயது தாண்டியவர்களை அழைத்து வந்து முழுமையாகக் கண் பரிசோதனை செய்தார்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். ஆய்வு நடந்தபோது சிறுசேரியும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். ஆகவே இது எங்கோ ஐரோப்பாவில் எடுத்த கணக்கு என்று ஒதுக்க முடியாது.

கிராமப்புறத்தில் ஏறக்குறைய 3,900 பேர் சோதிக்கப்பட்டதில் 1.62 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயின் ஒரு வகை இருந்தது. தலைக்கணக்கில் 64 பேர். தனக்கு அந்த நோய் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தவர் அவர்களில் எத்தனை பேர்? ஒருவர். மற்ற 98.5 சதவீதம் பேருக்கும் ஆய்வுக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நகரத்தில் நோய் இருந்தவர்களின் விகிதம் 3.51 சதவீதம், கிராமத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே இருந்தும் அங்கேயும் பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டங்களில் நடத்திய இதேபோன்ற ஆய்விலும் நிலைமை இதுதான்.

மக்கள் 'கண் பிரஷர்' என்று சொல்லும் இந்த நோயின் வழி விசித்திரமானது. கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் ஊறி, இடைவிடாமல் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்குகிறது. சாதாரணமாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். நரம்பு இழைகள் சாகத் தொடங்கும்போது முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். ஒரு கண்ணில் விட்டுப்போன இடத்தை மறு கண் ஈடுசெய்துவிடும். இரண்டிலும் விட்டுப்போனதை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். இந்த வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. அதனால்தான் சுவரிலிருக்கும் கடைசி வரியைப் படித்தவருக்கும் இந்த நோய் முற்றிய நிலையில் இருக்கலாம். வாசல்படியில் கால் இடறுவது, பக்கவாட்டில் வந்த பைக்கைக் கவனிக்காமல் விடுவது, வைத்த டம்ளரைக் கையால் தட்டிக் கவிழ்ப்பது என்று ஏதாவது நடக்கும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

கண் புரையில் போன பார்வை அறுவை சிகிச்சையில் திரும்பும். நரம்பில் போனது திரும்பாது. திருவொற்றியூர் எல்லையில் கண்ணிழந்த சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது; கண் பிரஷரில் பார்வை போனவருக்கு அப்படி ஒரு ஊர் இன்னும் கிடைக்கவில்லை. சொட்டு மருந்தும் லேசரும் அறுவை சிகிச்சையும் மிச்சமிருக்கும் நரம்பைத்தான் காப்பாற்றும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு மிச்சம்.

அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அழுத்தம் 21-க்குள் இருக்கும்போதே நரம்பு தேயும் வகையும் உண்டு. அதனால்தான் டாக்டர் அழுத்தத்தைப் பார்த்த கையோடு நரம்பையும் பார்க்கிறார்.

■ பெட்டிச் செய்தி: எழும்பூர் உலகுக்குக் கொடுத்தது

1819-ல் கிழக்கிந்திய கம்பெனி ராயப்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றான அதுதான் பின்னாளில் எழும்பூருக்கு வந்து, அரசு கண் மருத்துவமனையாக இன்றும் இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் நீர் அழுத்த நோய்க்கு வெள்ளைவிழியில் நுண்ணிய துளையிட்டு நீரை வடியவிடும் அறுவை முறையை 1909 வாக்கில் இங்கே செய்து காட்டினார். 'எலியட் முறை' என்று அது பல பத்தாண்டுகள் உலகெங்கும் செய்யப்பட்டது. அந்த நோய்க்கு உலகத்துக்கே வைத்தியம் சொன்ன ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிராமங்களில்தான், சுமார் நூறு ஆண்டு கழித்து, 64-க்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது.

சர்க்கரை இருக்கிறது, கண் நன்றாகத்தான் இருக்கிறது!

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது. நாள் முழுக்க நாற்காலி, ராத்திரி ஷிஃப்ட், நள்ளிரவுப் பிரியாணி என்று வாழும் சிப்காட் வட்டாரத்தில் முப்பதுகளிலேயே மாத்திரை போடத் தொடங்கியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை பற்றிச் சென்னையிலேயே இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினரின் ஆய்வில் நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கும், சங்கர நேத்ராலயாவின் ஆய்வில் 18 சதவீதம் பேருக்கும் விழித்திரை பாதிப்பு இருந்தது. தனித்தனியாக எடுத்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஐந்தாறு பேரில் ஒருவர்.

இந்த நோயும் கடைசிக் கட்டம்வரை வாய் திறக்காது. விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் முதலில் புடைக்கும், பிறகு கசியும், பிறகு அடைபடும். நடுப்பகுதியில் நீர் கோத்தாலோ, புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் வெடித்தாலோதான் பார்வை குறையும். கண்ணுக்குள் கொசு பறக்கிறது, கறுப்பாக ஏதோ இறங்குகிறது என்று ஓடிவருபவர்கள் அந்தக் கட்டத்தில் வருபவர்கள். அதற்கு முந்தைய வருடங்களில் அவர்களும் கடைசி வரியைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வழக்கமாக வரும் சர்க்கரை நோய்க்கு விதி எளிது. நோய் தெரிந்த அன்றே கண்ணைக் காட்ட வேண்டும். பிறகு வருடம் ஒரு முறை. 'இப்பத்தானே சர்க்கரை வந்துச்சு' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ரத்தத்தில் சர்க்கரை கண்டுபிடிக்கப்படும் நாளுக்குச் சில ஆண்டுகள் முன்பே அது உடம்பில் குடியேறியிருக்கும். சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமெடுக்கக்கூடும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல விஷயம். ஆனால் மாத்திரைப் பையோடு விழித்திரைப் பரிசோதனை வாசலுக்கு வருவது எளிதல்ல. அதற்கு ஒரு கேமராவும் படம் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். இந்த இரண்டாவது தேவையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சியில் கூகுள் நிறுவனம் இறங்கியபோது கைகோத்தவற்றில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இருந்தன. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை பாதிப்பைச் சொல்லும் அந்தச் செயற்கை நுண்ணறிவின் முதல் பெரிய முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. மென்பொருள் எழுதுபவர்கள் நிறைந்த சிறுசேரியில் எத்தனை பேர் தங்கள் விழித்திரையை ஒரு முறையாவது படம் எடுத்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

திரையைத் திட்டிப் பயனில்லை

"நாள் பூரா கம்ப்யூட்டர்தான், கண்ணு போயிடும்" என்று அம்மாக்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. திரையைப் பார்ப்பதால் கண் குருடாகாது. காயும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கும் நாம், திரைக்கு முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. தலைக்கு மேல் ஏ.சி. காற்று வேறு. எரிச்சல், உறுத்தல், சாயங்காலத் தலைவலி எல்லாம் அதன் விளைவு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது விநாடி, இருபது அடி தள்ளிப் பார்க்கச் சொல்லும் விதி இதற்குத்தான்.

கடையில் கேட்காமலே சேர்க்கப்படும் 'புளூ கட்' பற்றி ஒரு வார்த்தை. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றிய 17 பரிசோதனைகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2023-ல் அறிக்கை கொடுத்தது. கணினி வேலையால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே சாரம். அந்தக் கூடுதல் பணத்தை விழித்திரைப் பரிசோதனைக்குச் செலவழிக்கலாம் என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் வேறொரு கூட்டம்: லேசர் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றியவர்கள். கல்யாணத்துக்கு முன் மைனஸ் ஆறு, மைனஸ் எட்டை லேசிக்கில் பூஜ்யமாக்கிக்கொண்ட பெண்களும் ஆண்களும் இந்தச் சாலையின் அடுக்குமாடிகளில் நிறையப் பேர். கண்ணாடியைக் கழற்றியதும் கண் டாக்டரையும் கழற்றிவிட்டார்கள். லேசிக் மாற்றுவது கருவிழியின் வளைவை மட்டும். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டேதான் இருக்கிறது. இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான். சுவருக்கு வெள்ளையடித்தால் அஸ்திவாரம் மாறுமா? விழித்திரை கிழியும், கழன்றுகொள்ளும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். போதாததற்கு, கருவிழி மெலிந்திருப்பதால் கண் பிரஷரை அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேசிக் செய்துகொண்டவர் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். பழைய பவர் சீட்டு கையில் இருந்தால் இன்னும் நல்லது. திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாகக் கூட்டமாய்ப் புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை என்றால் ஸ்பிரிண்ட் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

உப்பு, கல், வலை

சிறுசேரியைக் கண்ணாடிக் கட்டடங்களோடு முடித்துக்கொள்வது அந்த மண்ணுக்குச் செய்யும் அநியாயம். சிப்காட்டிலிருந்து சில கிலோமீட்டரில் கேளம்பாக்கம். அங்கிருந்து கோவளம் வரை கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு, நடுவில் மனிதர். கடலில் நாளெல்லாம் கழிக்கும் மீனவருக்கும் வெயில் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக வளரும் சதை வெயிலில் உழைப்பவர்களின் நோய். அது கருவிழியின் நடுவை எட்டும்முன் பார்த்துவிட்டால் பார்வைக்குப் பங்கமில்லை. புற ஊதாக் கதிர் புரையையும் முன்கூட்டியே வரவழைக்கும். வட்டத் தொப்பியும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் உப்பளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் 'சினிமாவுக்கா வந்தே?' என்று கேலி செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

தெற்கே போனால் மாமல்லபுரம். அதன் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2017-ல் கிடைத்தது. சிற்பிகளின் கண்ணுக்குக் கிடைத்தது என்ன? உளி மட்டும் இருந்த காலத்தில் சில்லு தெறித்தது. கிரைண்டர் வந்த பிறகு தூளும் சேர்ந்து பறக்கிறது. கண்ணில் கல்தூள் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் துணி நுனியால் எடுத்துவிடுவார், வேலை தொடரும். கருவிழியில் விழும் அந்தச் சின்னக் கீறல்தான் கிருமிக்கு வாசல். மதுரையில் 1994-ன் முதல் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தபோது, 65 சதவீதம் பேருக்கு அதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது அடியோ கீறலோ பட்டிருந்தது. அதற்குமேல் மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால் புண் ஆழமாகும். மெட்ராஸ் ஐ சீசனில் வாங்கி வைத்த பாட்டிலையே திரும்பத் திரும்ப விட்டுக்கொள்பவர்களுக்குப் புரையும் கண் பிரஷரும் சேர்ந்து வரலாம்.

நாற்பது தாண்டினால் சிற்பிக்கும் வெள்ளெழுத்துதான். நுண்ணிய நகாசு வேலையை இளையவனிடம் தள்ளிவிட்டு அவர் கல் உடைக்கப் போகிறார். வலை பின்னுபவர் ஊசிக் கண்ணில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுகிறார். தையல்காரம்மா ராத்திரி ஆர்டரை மறுக்கிறார். கூலி குறைகிறது. கண்ணால்தான் குறைகிறது என்று யாரும் கணக்கெழுதுவதில்லை. அஸ்ஸாமில் எழுதினார்கள். 40 வயது தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்குக் கிட்டப் படிக்கும் சாதாரணக் கண்ணாடி கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த முடிவு: கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இவ்வளவு மலிவான, இவ்வளவு உடனடியான வைத்தியம் கிடைப்பது அபூர்வம்.

சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஐ.டி. ஊழியர்களை வீட்டில் விடும் கேப் டிரைவருக்கு உரிமம் வாங்க 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். வாடகை வண்டி ஓட்டாதவர்களுக்கும் 40 வயதுக்கு மேல் அந்தச் சான்று தேவை. படிவத்தில் பார்வை பற்றிய கேள்விகள் இருக்கின்றன. ஆளையே பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடும் பழக்கம் இருக்கும்வரை அவை காகிதத்தோடு சரி. இடது ஓரப் பார்வை போனவர் இடதுபக்கம் திரும்பும்போது நடப்பது விபத்து என்று பதிவாகும். கண் நோய் என்று எங்கும் பதிவாகாது.

முப்பது நாள் கெடு

செக்கப் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுவியிருக்கிறது. 1996-ல் சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துவிடலாம். குறித்த வாரங்களுக்குள் பார்த்தால் லேசரில் தடுக்கலாம். அந்தக் குழந்தையின் கண்ணைக் காட்டும்படி பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து வேறொரு டாக்டர் சந்தேகப்பட்டபோது காலம் கடந்திருந்தது. அமெரிக்காவரை போய் அறுவை செய்தும் பார்வை வரவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு அரசும் சம்பந்தப்பட்ட டாக்டர்களும் சேர்த்து ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்கு அப்போது பதினெட்டு வயது.

இந்தியாவில் இன்றைய விதி: 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை, மிகவும் குறைமாதம் என்றால் அதற்கும் முன்பே. நாவலூரிலும் படூரிலும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுதியிருக்கின்றனவா என்று பார்ப்பது தாத்தா பாட்டி கையில் இருக்கிறது. அந்த மாதத்தில் அம்மாவுக்குத் தூக்கமே இருக்காது.

அடுத்த கெடு மூன்று முதல் ஐந்து வயது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமிருக்கும் குழந்தை எதையும் புகார் சொல்லாது. நல்ல கண்ணால் காலத்தை ஓட்டிவிடும். மூளை மற்ற கண்ணைச் சட்டை செய்யாமலே விட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தக் குறைக்கு ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைக்கும் பட்டையும் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பத்தாவது படிக்கும்போது தெரியவந்தால் சரிசெய்வது கடினம். அரசுப் பள்ளிகளில் 'கண்ணொளி காப்போம்' திட்டம் இலவசக் கண்ணாடி கொடுத்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் முன்பே வரும் இந்தக் கெடு அதில் சிக்காது. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட டாக்டர்கள் சொல்லும் மருந்து நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சம். கேட்டட் கம்யூனிட்டியில் விளையாட்டு மைதானம் இருக்கிறது. டியூஷனும் அதே நேரத்தில் இருக்கிறது.

எல்லோரையும் சோதிக்கத்தான் வேண்டுமா?

மறுதரப்பையும் கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவ ஆலோசனைக் குழு 2022-ல், அறிகுறி ஏதும் இல்லாத 40 வயது தாண்டிய எல்லோருக்கும் கண் நீர் அழுத்தப் பரிசோதனை செய்வதால் நன்மையா என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஊரையே கூட்டிச் சோதித்தால் நோயில்லாதவரையும் சந்தேகத்தில் தள்ளி, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்க வைக்கலாம். அந்த ஐயம் நியாயமானது. செக்கப் என்ற பெயரில் வியாபாரம் நடப்பதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் அமெரிக்காவின் நிலைமை வேறு. நோயுள்ள நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அது தெரியாமலே கிடக்கும் ஊரின் நிலைமை வேறு. ஊரையே கூட்ட வேண்டாம். அபாயம் கூடுதலாக உள்ளவர்களைத் தேடிப் பிடித்தாலே பாதி வேலை முடியும்: சர்க்கரைக்காரர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் பிரஷர் இருப்பவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள். நம் பக்கத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. அக்கா மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்கள். மாலைக்கண்ணில் தொடங்கி ஓரப்பார்வையைத் தின்னும் பரம்பரை விழித்திரை நோய்கள் அந்தக் குடும்பங்களில் கூடுதலாகத் தலைகாட்டும்.

கிராமத்து முகாம்கள் பெரும்பாலும் புரையைத் தேடிப் போகின்றன. 2015-19 தேசியக் கணக்கெடுப்பின்படி 50 வயது தாண்டியவர்களின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புரையே காரணம். ஆகவே முகாம்கள் புரையைத் தேடுவதில் தவறில்லை. புரை இல்லை என்றதும் அனுப்பிவிடுவதில்தான் ஓட்டை. சிப்காட் நிறுவனங்களின் வருடாந்தர ஹெல்த் செக்கப்பிலும் இதே ஓட்டை இருக்கிறதா என்று ஊழியர்கள் பேக்கேஜ் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். 'விஷன் டெஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும். அது பெரும்பாலும் சுவரில் எழுத்துப் படிப்பது. கண் பிரஷரும் விழித்திரைப் படமும் சேர்ந்திருக்கிறதா என்று மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுவதற்கு அப்ரைசல் பயம் தேவையில்லை.

■ பெட்டிச் செய்தி: யாருக்கு, எப்போது?

குறைமாதக் குழந்தை: பிறந்த 30 நாளுக்குள்.
எல்லாக் குழந்தைகளும்: 3 முதல் 5 வயதுக்குள் ஒரு முறை, கண்ணாடி போட்டால் வருடந்தோறும்.
40 வயது: எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒரு முழுப் பரிசோதனை. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒரு முறை.
65 தாண்டினால்: ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.
சர்க்கரை: தெரிந்த அன்றும், பிறகு வருடந்தோறும்.
குடும்பத்தில் கண் பிரஷர், அதிக மைனஸ், லேசிக் செய்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள்: 40-க்காகக் காத்திருக்க வேண்டாம்.
மூட்டுவாதம், லூபஸுக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்கள்: தொடங்கும்போது ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பின் வருடந்தோறும்.

போவது எங்கே, எப்படி?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் பணம் கேட்க மாட்டார்கள், நேரம் கேட்பார்கள். கேளம்பாக்கத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் முழுப் பரிசோதனை என்றால் இரண்டு மணி நேரமாவது ஆகும். முதலில் பவர் பார்ப்பார்கள். பிறகு அழுத்தம் அளப்பார்கள். கண்ணில் காற்றுப் பீய்ச்சும் கருவி என்றால் திடுக்கிடுவீர்கள், வலிக்காது. அடுத்து விளக்குப் பொருத்திய நுண்ணோக்கியில் முன்கண்ணை ஆராய்வார்கள். கடைசியாகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகு டாக்டர் விழித்திரையையும் நரம்பையும் பார்ப்பார். மருந்து விடுவதற்கு முன் கருவிழிக்கும் வெள்ளைவிழிக்கும் இடையிலான வடிகால் மூலை குறுகலாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சொட்டு மருந்துக்குப் பயந்துதான் பலர் நழுவுகிறார்கள். "மருந்து வேண்டாம் டாக்டர், வண்டி ஓட்டிட்டு ஆபீஸ் போகணும்" என்பது எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் கேட்கும் வாசகம். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது என்பது உண்மை. அதனால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு சனிக்கிழமை காலையில் போங்கள். பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், கடைசி சர்க்கரை ரிப்போர்ட், போடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும்.

டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்ல யாருக்காவது கண் பிரஷர் உண்டா?" என்பது. திருச்சியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து ஓ.எம்.ஆரில் குடியேறியவர்களில் பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. தாத்தா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார் என்பது மட்டும் நினைவிருக்கும். போகும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டு, தாத்தாவுக்குப் போனது புரையிலா, பிரஷரிலா, ஆபரேஷன் செய்தும் ஏன் தெரியவில்லை என்று பெரியம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். அப்படியே அவர்கள் கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினார்கள் என்றும்.